புள்ளிக்குக் காத்திருந்த பேனா

எழுத்தாகத் தோன்றி, எழுத்துகள் கூடிச் சொல்லாகி, சொற்கள் கூடித் தொடராகி, தொடர் முடிகிற இடத்தில் மௌனமாகவும் நிற்கின்ற பெருமானே, கையில் வேலும் அருகில் மயிலுமாக என் நாவில் வந்து அமர்வாயாக. இதில் பிழையாக வருவது என்னுடையது. சரியாக வருவது உன்னுடையது.

இன்று வைகாசி விசாகம். விடியலில் நீராடி, திருநீறு இட்டு, ஒரு பதிகம் பாடி முடித்த பிறகு இந்தத் தாளை எடுத்தேன். விசாகத்தன்று தொடங்கியது பாதியில் நிற்காது என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை.

சென்ற வாரம், நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியின் ஆங்கில ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். புதிய பாடநூலில் ஃப்ரேஸ் என்ற சொற்றொடர் வகைகளை எடுத்துவிட்டார்களாம். "ஐயா, பேரெல்லாம் வேணாம், பேசவச்சா போதும்னு சொல்றாங்க. நீங்க இத்தனை வருஷம் அதை எப்படி நடத்துனீங்க? ஆசிரியர் சங்க மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். பெயர்கள் போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேட்டவுடன் என் கண்முன் வந்து நின்றது பாடநூல் அல்ல. தாளுக்கு மேலே, காற்றில் அசையாமல் நின்ற ஒரு பேனா முனை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் பிறந்தது கடலூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில். தந்தையார் கோயிலில் பதிகம் பாடும் பணி செய்தவர். எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே பண்ணோடு பாடத் தெரிந்துவிட்டது எனக்கு. பிறகு கல்லூரி, சென்னையில் ஆசிரியர் பயிற்சி, ஆங்கில இலக்கணத்தின் மேல் காரணம் சொல்ல முடியாத ஒரு மயக்கம். அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஐப்பசிக்கு அடுத்த ஆண்டு புதுச்சேரிக்கு வந்தேன். ஆட்சி கைமாறியிருந்தது. ஆனால் பிரெஞ்சு அரசு சட்டப்படி முடிக்கவேண்டிய காரியம் தொலைவில் எங்கோ, யாருடைய மேசையிலோ காத்திருந்தது. அது முடியும்வரை போன ஏழெட்டு வருஷங்களில் ஊர் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே கிடந்தது போல எனக்கு நினைவிருக்கிறது. மஞ்சள் சுவர்களின் மேல் காகிதப் பூங்கொடிகள் வழியும். மாதா கோயில் மணி ஓய்ந்ததும் ஈசன் கோயில் மணி தொடங்கும். புயலில் உடைந்துபோன பழைய கடற்பாலத்தின் இரும்புத் தூண்கள், மேலே ஒன்றையும் தாங்காமல், அலைகளுக்கு நடுவே வரிசையாக நின்றன. மாலை வெயிலில் அவை நீரில் எழுதிய சொற்களைப் போலத் தோன்றும். வாக்கியம் மட்டும் இல்லை.

அலுவலகங்களில் இருபது, முப்பது வருஷம் பிரெஞ்சில் எழுதிப் பழகிய எழுத்தர்கள் இருந்தார்கள். இனி எல்லாம் ஆங்கிலத்தில் என்று ஆணை வந்தது. அவர்களுக்காக ஒரு மாலை வகுப்பு தொடங்கினார்கள். அதற்கு ஆசிரியனாக வந்தவன் நான். மாணவர் அனைவரும் என்னைவிட மூத்தவர்கள். சிலர் என் தந்தையின் வயதினர். வெள்ளைக் கால்சட்டையும் கோட்டுமாக, குடையை மூலையில் சாத்திவிட்டு, பிள்ளைகளுக்கான சின்னப் பலகைகளில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

முதல் நாள் நான் கரும்பலகையில் ஃப்ரேஸ் என்று எழுதி, "முழு வினை இல்லாமல், பொருள் மட்டும் கொண்டு கூடி நிற்கும் சொற்கள்" என்றேன். பின்வரிசையில் சுங்க அலுவலக எழுத்தர் கபிரியேல் கையைத் தூக்கினார். ஊரில் எந்தச் சிரிப்புக்கும் முதலில் காரணமாக இருப்பவர் அவர்.

"முசியே, எங்க பிரெஞ்சுல ஃப்ராஸ்னா முழு வாக்கியம். அது உங்க கடலூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வரச்சொல்ல, வினைமுற்றைப் பறிமுதல் பண்ணிட்டாங்களா?"

வகுப்பு குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் சொற்கட்டு என்றே சொல்லத் தொடங்கினேன். சன்னலுக்கு வெளியே மணலில் மீனவர்கள் கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே காயப் போட்டிருந்தார்கள். "அதோ பாருங்கள். அவிழ்த்தால் கட்டை. கட்டினால் மரம். ஆனால் கட்டியதனாலேயே அது கடலுக்குப் போய்விடவில்லை. துடுப்புப் போட ஆள் வரவேண்டும். அந்த ஆள்தான் வினைமுற்று" என்றேன்.

வகுப்புக்கு மேற்பார்வையாளர் முசியே அருளானந்து. பழைய பிரெஞ்சுப் பள்ளியில் நெடுங்காலம் கற்பித்தவர். உலர்ந்து ஒடுங்கிய உருவம், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, சலவைக்கல் போன்ற முகம். என் வகுப்பின் கடைசிப் பலகையில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருப்பார். உறங்குகிறார் என்று நினைப்போம். பாடம் முடிந்ததும் எழுந்து வந்து ஒரே ஒரு சொல் சொல்வார். பிடித்திருந்தால் "பியான்", அதாவது நன்று. பிடிக்காவிட்டால் "ருகொமான்சே", அதாவது மறுபடியும் தொடங்கு. நெடுங்காலம் நான் கேட்டது இரண்டாவது சொல்லைத்தான். கோபம் இல்லாமல், பூசையில் பூ குறைகிறது என்று குருக்கள் சொல்வது போலச் சொல்வார்.

ஒரு நாள் அவரே கரும்பலகைக்கு முன் வந்து நின்று, "இவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டாதீர்கள். காதில் எழுதுங்கள்" என்றார். பிறகு திக்தே என்ற அந்த முறையைச் செய்து காட்டினார். சொல்வதை எழுதும் பயிற்சிதான் அது. ஆனால் அவர் கையில் அது ஒரு வழிபாடு.

முதலில் பகுதி முழுவதையும் ஒருமுறை வாசிப்பார். அப்போது யாரும் பேனாவைத் தொடக் கூடாது. கேட்க மட்டும் வேண்டும். பிறகு ஒரு மூச்சுக்கு ஒரு கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் மெல்லத் திருப்பித் திருப்பிச் சொல்வார். காற்புள்ளி வரும் இடத்தில் "வீர்குல்" என்பார். முற்றுப்புள்ளிக்குப் "புவேன்". எல்லாம் முடிந்த கடைசிப் புள்ளிக்குப் "புவேன் ஃபினால்" என்று தலை தாழ்த்திச் சொல்வார். அந்தக் கணத்தில் வகுப்பு முழுவதும் ஒரே சத்தமாகப் பேனாக்களைக் கீழே வைக்கும். சிறு வயது முதல் அவர்கள் உடம்பில் ஊறிய பழக்கம் அது. புவேன் ஃபினால் கேட்காமல் பேனாவை வைத்தவரை அந்நாளில் நான் கண்டதே இல்லை.

நான் அந்த முறையை, குறிகளின் பிரெஞ்சுப் பெயர்களோடு, ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தேன். என் சொற்கட்டுகளுக்கு அது தைத்து வைத்த சட்டை போலப் பொருந்தியது. ஒரு மூச்சுக்கு ஒரு கட்டு. "த ஓல்ட் ஐயர்ன் பியர்", பழைய இரும்புக் கடற்பாலம், என்று சொல்லி நிறுத்துவேன்; அது பெயராக நிற்கும் கட்டு. "இன் த ஈவினிங் லைட்", மாலை வெளிச்சத்தில், என்பேன். முன்னே ஒரு சின்னச் சொல், கருவறைக்கு முன் நந்தி இருப்பது போல. நம் தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் பணிந்து வரும். ஆங்கிலத்தில் அது முன்னால் வந்து வழிகாட்டும். "வித் ஃபோல்டட் ஹேண்ட்ஸ்" என்பது, கூப்பிய கையோடு என்று, செயல் நடந்த விதத்தைச் சொல்லும். "டு ஸீ", காண, என்று தொடங்குவது இன்னும் நடவாத ஆசை. ஆசைக்கு எப்படிக் காலம் இருக்கும்?

பதிகங்களில் பெருமானைப் பாடும்போது இதே அழகைத்தான் நான் கண்டிருந்தேன். சடையில் ஆற்றைச் சுமந்து, கழுத்தில் நஞ்சை நிறுத்தி, பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்து என்று கட்டின் மேல் கட்டாக அடுக்கிப் போவார்கள். வினைமுற்று வராது. கேட்பவன் நெஞ்சம் படிப்படியாக ஏறிக்கொண்டே இருக்கும். கடைசி அடியில், இருக்கின்றான் என்று ஒரு சொல் வரும்போது கண்ணில் நீர் வந்துவிடும். அதுவரை காத்திருந்ததற்கான கூலி அந்த நீர். இதை வகுப்பில் சொன்னபோது, மாதா கோயில்காரரான கபிரியேலும் தலையசைத்தார்.

இனி தனக்கோட்டி அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரையே அவர்தான்.

வைத்திக்குப்பத்து மீனவர் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவர். அகன்ற தோள், கடற்காற்றில் கறுத்த முகம், ஆனால் கையெழுத்து முத்துக் கோத்தது போல இருக்கும். ஊரில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் இருபது வருஷமாக எழுதி வந்தவர். வீட்டில் அவர் மனைவி அஞ்சலை அண்ணி இதய நோயாளி. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். வாரம் ஒருநாள், ஆள் தள்ளிக்கொண்டு போகும் புஸ்புஸ் வண்டியில் அவரை உட்கார வைத்து, வண்டியின் பக்கத்திலேயே தனக்கோட்டி அண்ணன் நடந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். டாக்டர் பார்த்து முடிக்கும்வரை வாசலில் நிற்பார்.

ஒருநாள், எதோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் கட்டு ஒன்றை வகுப்பில் சொன்னேன். "த சன் ஹேவிங் செட், த போட்ஸ் கேம் ஹோம்." கதிரவன் மறைந்திருக்க, படகுகள் வீடு திரும்பின. அதில் முதல் பாதிக்குத் தன் சொந்த எழுவாய் உண்டு. ஆனால் முற்று இல்லை. பின்பாதியின் எந்தச் சொல்லுக்கும் அது அடிமையும் இல்லை.

தனக்கோட்டி அண்ணன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, இது எதுலயும் சேரல. ஆனா வுட்டுட்டும் போவல. பக்கத்துலயே நிக்குது."

"ஆஸ்பத்திரி வாசல்ல நீ நிக்கற மாதிரி" என்றார் கபிரியேல்.

எல்லோரும் சிரித்தார்கள். தனக்கோட்டி அண்ணனும் சிரித்தார். நான் அந்த விளக்கத்தைவிடச் சிறந்த ஒன்றை எந்த இலக்கண நூலிலும் பிறகு பார்க்கவில்லை.

முதல் தேர்வு வந்தது. சென்னையிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்தார். மெலிந்த, கண்ணியமான மனிதர். சொல்வதை எழுதுவதுதான் முக்கியப் பகுதி. அவர் தம் ஊர் வழக்கப்படி வாசித்தார். காற்புள்ளி என்றோ முற்றுப்புள்ளி என்றோ எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் எழுத்தர்கள் கட்டுக்குக் கட்டு பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். வரவேண்டிய சொல் வரவில்லை. அடுத்த வரி வந்துவிட்டது. தடுமாறி ஓடினார்கள்.

விடைத்தாள்களைப் பார்த்த தேர்வாளர் என்னை அழைத்தார். "ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆனால் முப்பது பேரில் ஒருவர் தாளிலும் ஒரு புள்ளி இல்லையே, சார். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை ஒரே ஓட்டம். இவர்கள் மூச்சே விடமாட்டார்களா?"

முசியே அருளானந்து கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறவில்லை. "ருகொமான்சே" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து வகுப்பில் குறிகளைச் சொல்வதை நிறுத்தினோம். எழுத்தர்கள் முணுமுணுத்தார்கள். புள்ளி சொல்லாத திக்தே, உப்பில்லாத குழம்பு என்றார் கபிரியேல். ஆனாலும் சில மாதங்களில் தாமாகக் குறியிடப் பழகிக்கொண்டார்கள். ஒருவரைத் தவிர. தனக்கோட்டி அண்ணன் தாளில் சொற்கள் மட்டும் முத்து முத்தாக இருந்தன. குறிகள் இல்லவே இல்லை.

இரண்டாம் தேர்வே கடைசி வாய்ப்பு என்று சுற்றறிக்கை வந்தது. தேறாதவர்களை ஏனாமுக்கு மாற்றி, அங்கே உள்ள பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படியெடுக்க வைப்பார்கள் என்றார்கள். ஏனாம் எங்கோ கோதாவரிக் கரையில் இருக்கிறது. ரயிலேறி, ஆறு கடந்து போகவேண்டிய ஊர். அஞ்சலை அண்ணியால் தெருமுனை வரை போக முடியாது. அண்ணன் போனால் தனியாகத்தான் போகவேண்டும்.

ஒரு மாலை வகுப்பு கலைந்தபின் அவரை நிறுத்திக் கேட்டேன். "அண்ணே, எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கிறது? ஒரு புள்ளி வைப்பதில் என்ன தடை?"

அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு மெல்லச் சொன்னார். "தெரியுது வாத்தியாரே. கை வர மாட்டேங்குது. நான் ஒக்காந்திருக்கற நாற்காலியில எனக்கு முன்ன ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுசன். ஒரு புள்ளை பொறந்ததை எழுதறப்போ, அந்தப் பொம்பளை மேல எரக்கப்பட்டு, முறைப்படி பொறந்த புள்ளைன்னு ஒரு வார்த்தையைத் தானா சேத்துட்டாரு. யாரும் சொல்லல. அந்த ஒரு வார்த்தையால ரெண்டு குடும்பம் நெலத்துக்காக கோர்ட்டு படி ஏறி எறங்கி அழிஞ்சுபோச்சு. நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கு என் மேலதிகாரி சொன்னது ஒண்ணுதான். எதிர்ல நிக்கறவன் சொன்னதை எழுது. சொல்லாததை எழுதாத. ஒரு புள்ளிகூட."

"இது தேர்வு, அண்ணே. பதிவேடு இல்லை."

"கைக்கு அது தெரியலையே" என்றார்.

அன்றிரவு பூசையில் எனக்கு மனம் நிற்கவில்லை. அவரிடம் இருந்தது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது ஒருவகை விரதம். விரதத்தை உடைக்கச் சொல்லும் தகுதி எனக்கு ஏது?

தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். குப்பத்தின் ஓரத்தில், ஓட்டு வீடு. வாசலில் வலை உலர்ந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார் அஞ்சலை அண்ணி. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் உறக்கம்கூட உட்கார்ந்தபடிதான். முகத்தில் மட்டும் குறும்பு குறையவில்லை.

"வாங்க தம்பி. எங்க வூட்டு மனுசனுக்கு மூணு வருசமா புள்ளி வைக்கக் கத்துக் குடுக்கறீங்களாமே? நான் வாசல்ல தெனம் வைக்கறவளா இருந்தேன். என்னாண்ட அனுப்பியிருந்தா ஒரே நாள்ல கோலமே போட வச்சிருப்பேனே."

"அவளை இன்னும் பேசவுடாதீங்க, மூச்சு வாங்கும்" என்றார் அண்ணன். காபிக்குப் பால் எடுக்கப் போவது போல அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஏனாம் என்ற பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் அது அந்த அறையில் நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

"நீங்க சாமி பாட்டு பாடுவீங்களாமே. ஒண்ணு பாடுங்க. நான் கோயிலுக்குப் போயி எந்தக் காலமோ ஆச்சு" என்றார் அண்ணி.

நான் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, கண்ணை மூடி, கௌசிகப் பண்ணில் ஒரு பதிகம் பாடத் தொடங்கினேன். வெளியே கடல் சுருதி போலக் கூடவே வந்தது. இரண்டாம் பாடல் போகும்போது ஒரு மெல்லிய ஓசை கேட்டது. கட்டிலருகே இருந்த பித்தளைத் தம்ளரை அண்ணி விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு சீர்க்கட்டு முடித்து இழுக்கும் இடத்தில் லேசாக ஒரு தட்டு. அடி முடியும் இடத்தில் அழுத்தமாக ஒரு தட்டு. பாடல் முடிந்தால் உள்ளங்கையை அதன் மேல் வைத்து ஓசையை அடக்கிவிடுவார். ஓர் இடத்திலும் தவறவில்லை. அந்தப் பதிகத்தை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை.

நான் முடித்ததும் தனக்கோட்டி அண்ணன் கேட்டார். அவர் கையில் ஆறிப்போன காபி இருந்தது. "அங்கங்க முடியுதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"தம்பிதான் சொல்லிச்சு."

"அவரு எங்க சொன்னாரு? பாடிக்கினு போனாரு."

"மூச்சு வுட்டாரில்ல?" என்றார் அண்ணி. கொஞ்சம் நிறுத்தி, தாமும் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "உனக்கு அது சும்மா வருது, போவுது. அதனால காதுல வுழல. எனக்கு ஒவ்வொண்ணும் கெணத்துல தண்ணி எறைக்கற மாதிரி. ஊர்ல யாரு எங்க மூச்சு வுட்டாலும் எனக்குக் கேக்கும். வாய் பேசற மாதிரி அதுவும் பேசுது. நீதான் எழுதிக்கறதில்ல."

அண்ணன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார். சாயங்கால வெளிச்சம் வலையின் கண்கள் வழியாக வந்து சுவரில் சின்னச் சின்னக் கட்டங்களாக விழுந்து நடுங்கியது.

"அப்ப மூச்சும் வாக்குமூலந்தான்" என்றார் கடைசியில், யாரிடம் என்றில்லாமல்.

தேர்வு நாள் வந்தது. அதே தேர்வாளர். முசியே அருளானந்து சன்னல் ஓரம் நின்றார். நான் சுவரோடு சாய்ந்து மனத்துக்குள் பெருமான் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேர்வாளர் ஒரு படகோட்டியைப் பற்றிய பகுதியை வாசிக்கத் தொடங்கினார்.

தனக்கோட்டி அண்ணன் தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். மீன் கூட்டத்தின் அரவத்தைக் கேட்க, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி அதன் மறுமுனையில் காது வைப்பார்கள் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அப்படிக் கேட்டார். தேர்வாளர் சொல்லை அவர் கை எழுதியது. தேர்வாளர் மூச்சுக்கு அவர் முகம் காத்திருந்தது. முதல் நிறுத்தத்தில் அவர் பேனா தயங்கியது. பிறகு, கோயிலில் கண்திறப்புச் செய்யும் சிற்பியின் உளி போல, ஒருமுறை தாளைத் தொட்டு எழுந்தது. அதன்பின் நிற்கவில்லை. கட்டு, மூச்சு, குறி; கட்டு, மூச்சு, குறி.

பகுதி முடிந்தது. தேர்வாளர் புத்தகத்தை மூடிவிட்டுக் கடலைப் பார்த்தபடி நின்றார். பேனாக்கள் இறங்கின. தனக்கோட்டி அண்ணன் பேனா மட்டும் தாளுக்கு மேலே நின்றது.

தேர்வாளர் திரும்பினார். ஆங்கிலத்தில் கேட்டார். "எல்லோரும் முடித்துவிட்டார்கள். நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?"

அண்ணன் எழுந்து நின்றார். முப்பது பேருக்கு முன்னால் அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை. முழு வாக்கியம் வரவில்லை. ஒரு கட்டு மட்டும் வந்தது.

"ஃபார் யுவர் ப்ரெத், சர்." உங்கள் மூச்சுக்காக, ஐயா.

தேர்வாளர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துவிட்டார். நெஞ்சில் அடக்கி வைத்திருந்த காற்றெல்லாம் வெளியே வரும்படி, நல்ல மனிதர் சிரிக்கும் சிரிப்பு. அண்ணன் அதைக் கேட்டார். "தேங்க் யூ, சர்" என்று உட்கார்ந்து, கடைசிப் புள்ளியை வைத்து, பேனாவைக் கீழே வைத்தார்.

"சென்னைக்காரனையே மூச்சு வுட வச்சுட்டான்யா" என்று, தாளைக் கொடுத்துவிட்டு வந்த கபிரியேல் என் காதருகே முணுமுணுத்தார்.

முசியே அருளானந்து என்னைக் கடந்து வெளியே போகும்போது ஒரு சொல் சொன்னார். "பியான்." அந்தச் சொல்லை நான் அவரிடம் கேட்ட முதல் நாள் அதுதான். பின்னாளில் அவர் கப்பலேறி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி எனக்கு எஞ்சியது அந்த ஒரு சொல்தான். அது போதும்.

தனக்கோட்டி அண்ணன் தேறினார். ஏனாம் விலகிப் போயிற்று. அதன்பின் அவர் பழைய நாற்காலியிலேயே இருந்தார். வாரம் ஒருநாள் புஸ்புஸ் வண்டியும், பக்கத்தில் அவர் நடையும், ஆஸ்பத்திரி வாசலும் மாறவில்லை. நான் அவ்வப்போது போய்ப் பாடுவேன். அண்ணி தம்ளரில் தாளம் போடுவார். வருஷங்கள் போகப் போக அந்தத் தட்டு மெலிந்துகொண்டே வந்தது.

ஊரை ஒப்படைக்கும் காரியம் சட்டப்படி முடிந்த அந்த ஆவணி மாதத்துக்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு விடியலில் அஞ்சலை அண்ணி மறைந்தார். அன்று அண்ணன் அவர் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து, தம் நெஞ்சில் சாய்த்துக்கொண்டிருந்தாராம். கடைசி மூச்சு எங்கே நின்றது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவரைவிட நன்றாகக் கேட்கக் கற்றவர் ஊரில் யார் இருந்தார்கள்?

சில நாள் கழித்து இறப்பைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வேறொரு எழுத்தர் எழுதலாம் என்றார்கள். அண்ணன் ஒப்பவில்லை. "என் கையால எழுதறேன். ஆனா நான் சொல்ல முடியாது. எழுதறவன் சொல்லக் கூடாது. நீங்க வந்து சொல்லுங்க வாத்தியாரே" என்று கேட்டுக்கொண்டார்.

நான் அவருடைய மேசைக்கு முன் நின்றேன். அவர் பதிவேட்டைத் திறந்து, மையில் பேனாவைத் தொட்டுக்கொண்டு, என் முகத்தை நிமிர்ந்து பாராமல் காத்திருந்தார். மொட்டை அடித்த தலையில் சன்னல் வெளிச்சம் விழுந்தது. நான் ஆங்கிலத்தில், கட்டுக்கட்டாகச் சொன்னேன். பெயர். இன்னாருடைய மனைவி. இன்ன குப்பம். தம் வீட்டில், விடியற்காலையில் இறந்தார். பதிவேட்டுக்கு அவ்வளவே போதும். அவர் எழுதினார். கையெழுத்து முத்துக் கோத்தது போலத்தான் இருந்தது.

அப்போது எனக்கு அந்தப் பழைய மாலை வகுப்பு நினைவுக்கு வந்தது. எதிலும் சேராமல், விட்டுவிட்டும் போகாமல், பக்கத்திலேயே நிற்கிற கட்டு. அவராக ஒரு சொல்லையும் சேர்க்க மாட்டார். சொன்னால் எழுதுவார். சொல்வது என் கையில் இருந்தது.

"ஹெர் ஹஸ்பண்ட் பீயிங் பை ஹெர் சைட்" என்றேன். கணவன் அவள் அருகில் இருக்க.

பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பதிவேட்டில் இடம் கிடையாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் எதிரில் நிற்பவன் சொன்னதை எழுதுவது அவர் தொழில். குனிந்தார். ஒவ்வொரு சொல்லாக எழுதினார். கடைசிச் சொல்லை முடித்தபின் பேனாவைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

நான் மூச்சு விட்டேன். அவர் அதைக் கேட்டார். எனக்குத் தெரியும், கேட்டார். ஆனாலும் பேனா இறங்கவில்லை. அந்த ஒரு புள்ளியை மட்டும் அவர் தாமாக வைக்கப் போவதில்லை என்று புரிந்தது. ஆகவே, முதல் தேர்வுக்குப் பின் வகுப்பில் விலக்கி வைத்திருந்த அந்தச் சொல்லை, முசியே அருளானந்து சொல்வது போலத் தலையைத் தாழ்த்திச் சொன்னேன்.

"புவேன் ஃபினால், அண்ணே."

அவர் வைத்தார்.

இதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் பெருமான் நீண்ட மூச்சையும் நிறைந்த வாழ்வையும் அருளட்டும். உங்கள் ஆசைகள் ஏற்ற வினையைச் சென்று சேரட்டும். முடிய வேண்டிய நாளில், உங்கள் அருகில் இருக்க ஒருவர் இருக்கட்டும். அதை வாய்விட்டுச் சொல்ல இன்னொருவரும் இருக்கட்டும்.